ஆறு கிளாரினெட்டும் பள்ளத்து நிரையும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கிளாரினெட் குழு தொடங்கியது என் அத்தை. அப்பாவின் தங்கை. அட்டன் டவுனில் படித்த காலத்தில் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் கிளாரினெட் ஊதியவள். பிறகு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தாள். அவள் படித்த பள்ளிக்கூடம் புதுக் கருவிகள் வாங்கியதும், பழைய கிளாரினெட் ஆறை அவளுக்கே கொடுத்துவிட்டது. ஆறு கறுப்புப் பெட்டிகளோடு அத்தை பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தடுப்பூசி போட ஆள் வந்துவிட்டது என்று நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசைக்கு, லயத்துக்கு, பின்னால் ஓடி ஒளிந்தோம். எனக்கு அப்போது பத்து வயது.

கருவிகளில் குழாய்த் துண்டுகள் சேரும் பூட்டுகள் எல்லாம் ஆடின. பொகவந்தலாவை பஜாரில் தையல் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, மெழுகு தடவிய நூலைச் சுற்றிச் சுற்றி அவற்றை இறுக்கிக் கொடுத்தார். இது என்ன சாமான் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. ஏதோ தண்ணீர்க் குழாய் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஊத ஆறு பிள்ளைகள் தேர்வானோம். முன்பல் இரண்டும் விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. மாரியம்மன் திருவிழாவில் தேருக்கு முன்னால் ஊதுவதுதான் அத்தையின் ஆசை. தோட்டத்தில் எல்லோரும் பாடும் ஓர் அம்மன் பாட்டை எடுத்துக்கொண்டாள். விரல் வைக்கப் பழகி முடித்ததும் எங்களைப் பிரித்தாள். கிளாரினெட்டின் மேல் சுரங்கள் காதைக் குத்தும், கீழ்ச் சுரங்கள் மெதுவாகத்தான் வரும். அதனால் மேலே ஒன்று, நடுவில் இரண்டு, கீழே மூன்று என்று வைத்தாள். பாட்டின் மெட்டு கங்காணியின் மகனுக்குப் போனது. எனக்குக் கிடைத்தது கீழே. நீளமாக ஒரு சுரம், மூச்சு, மறுபடி நீளமாக ஒரு சுரம்.

அத்தை கொப்பித்தாளில் கோடு போட்டுப் புள்ளி புள்ளியாக எழுதிக் கொடுத்த சுரங்களை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வினை அங்கேதான் தொடங்கியது. அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு நிரையைப் பார்த்தால் அதில் எவ்வளவு கொழுந்து தேறும் என்று தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் கங்காணி ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசைத் தேயிலையை ஒதுக்குவார், அதுதான் நிரை. அம்மாவுக்கு எப்போதும் பள்ளத்தோரத்து நிரை. கல்லும் வழுக்கலும் அட்டையும் அங்கே, கொழுந்து மற்றவர்களிடம். அதைப் பற்றி அம்மா கங்காணியிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அத்தையிடம் திறந்தாள். கங்காணி மகனின் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னா இது? அவன் நெரை தளதளன்னு நெறைஞ்சு கெடக்கு. எம்புள்ளைக்கு அங்கொண்ணு இங்கொண்ணு முட்டையாட்டம் போட்டுருக்கே. சொந்த அண்ணன் மகளுக்கே பள்ளத்து நெரையா?"

"அப்பிடி இல்லீங்க அண்ணி. கீழ ஊதுறவங்க இல்லாட்டி..."

"கீழயா?" என்றாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் மற்ற நான்கு தாய்மாரும் வந்துவிட்டார்கள். பாவம், அத்தை ஒருத்தி எத்தனை பேரைச் சமாளிப்பாள்? எல்லோருக்கும் மெட்டையே கொடுத்தாள். நாங்கள் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு மேலே ஊதினோம். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பிள்ளைக் காம்பராவில் தூங்கிய குழந்தைகள் அத்தனையும் எழுந்து அலறின. கேட்டுப் பார்க்க வந்த கோயில் தலைவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

"மேல் லயத்துலேருந்து ரோட்டு முடக்கு வரைக்கும் ஊதுங்க. நல்லாருந்தா தேரோட கோயிலுக்கு வரலாம். இல்லாட்டி முடக்கோட நின்னுக்குங்க, டவுன் பேண்டு முன்னால வந்துரும்."

ரோடு வளையும் அந்த முடக்கில் நிறுத்தப்பட்டால் குழு அன்றோடு முடிந்தது. ஊர் சிரித்த பிறகு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? அத்தைக்கு அது தெரியும். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எங்கள் லயத்துக் காம்பராவுக்கு வந்தாள்.

"அண்ணி, பகல் சாப்பாட்டு நேரத்துல ரெண்டு வாட்டி ஊதுவோம். ஒங்க நெரையிலேயே நின்னு கேளுங்க. நீங்க சொல்றபடி செய்யிறேன். வேணாம்னா பொட்டிய மூடிர்றேன்."

பிள்ளைக் காம்பரா பள்ளத்துக்கு இந்தப் பக்கம், அம்மாவின் நிரை அந்தப் பக்கம். நடுவில் பனிமூட்டம். முதலில் ஆறு பேரும் மெட்டை ஊதினோம். பிறகு அத்தை பிரித்தபடி ஊதினோம். மாலையில் அம்மா வந்து, கூடையை இறக்கி, காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"மொதல்ல ஊதுனது பைப்படித் தண்ணிச் சண்டை. ரெண்டாவது ஊதுனது பள்ளம் முழுக்க நெறைஞ்சு எங்கிட்ட வந்திருச்சு. அதுல நீ எது?"

"அடியில நீளமா வருமே, அது."

"சரி. கீழயே ஊது."

மற்றத் தாய்மாரிடமும் அம்மாவே போய்ப் பேசினாள். அம்மா பேசினால் அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

தேரன்று நாங்கள் ஆறு பேரும் தேருக்கு முன்னால் வரிசை கட்டினோம். டவுன் பேண்டுக்காரர்கள் சிவப்புச் சட்டையும் தங்கப் பொத்தானுமாய்ப் பின்னால் வந்தார்கள். அத்தை எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தாள். மேல் லயத்திலிருந்து நன்றாகத்தான் வந்தோம். சரியாக முடக்கில், தலைவர் நின்ற இடத்தில், கங்காணி மகனின் கிளாரினெட் ஒரு கீச்சு கீச்சிட்டு நின்றது. ஊதும் வாயில் இருக்கும் நாணல் தகடு, ரீட், பிளந்துவிட்டது. அவன் சட்டைப் பையில் வேறு ரீட் தேடினான். மெட்டு போய்விட்டது.

அத்தை உள்ளங்கையைத் தாழ்த்தி எங்களுக்குக் காட்டினாள்: நிறுத்தாதீர்கள். கீழே நாங்கள் மூன்று பேரும் நீட்டினோம், நடுவில் இருவரும் தொடர்ந்தார்கள். ஒரு வரி மெட்டே இல்லாமல் போனது. அடுத்த வரியில் கூட்டத்திலிருந்த பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, கீழே சுரம் நிற்கிறது, ஏறிக்கொண்டார்கள். முந்நூறு தொண்டையாவது இருக்கும். வளைவில் வந்த பஸ்ஸை டிரைவர் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கங்காணி மகன் புது ரீட் மாட்டிக்கொண்டு மறுபடி சேர்ந்தபோது எனக்குத் தரையில் கால் படவில்லை. தலைவர் எங்களை நிறுத்தவே மறந்துபோனார். டவுன் பேண்டுக்காரர்கள் கோயில் வரை எங்கள் பின்னால்தான் வந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களைப் போனில் படம்கூடப் பிடித்தார். அப்படியொரு வெற்றியை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

கோயில் வாசலில் கங்காணி அத்தையிடம் வந்தார். "எம்மவன் நின்னப்பவும் அடியில ஒண்ணு நிக்காமப் போச்சே, அது யாரு புள்ள?" கீழே ஊதியது மூன்று பேர், ஆனாலும் அத்தை அம்மாவைத்தான் காட்டினாள். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கிளாரினெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தேவையே இல்லை. நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் பெரட்டுக் களத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். கங்காணி நிரை பிரித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் குரல் கேட்டது. மெதுவாகத்தான் பேசினாள்.

"கங்காணி ஐயா, பள்ளத்துல எட்டு வருசம் எடுத்திட்டேன். இன்னைக்கி எனக்கு மேல ஒரு நெரை குடுங்க."

கங்காணி நிரை பிரிப்பதை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"மூணாவது நெரைக்குப் போங்க" என்றார்.

அவர் என் பெட்டியைக் கவனிக்கவே இல்லை என்று எனக்குக் கோபம். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். பாதியில் திரும்பி என்னைப் பார்த்து, முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உடனே பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். என் கிளாரினெட்டுக்காகத்தான் அம்மா அப்படிச் சிரிக்கிறாள் என்று பெருமையோடு பள்ளிக்கூடம் போனேன். வெகு காலம் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.