உப்பில்லாக் கஞ்சி

அந்த வருஷம் தாராவியில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் இருமல் சத்தம். காய்ச்சல் வீடு வீடாக ஏறி இறங்கியது. நாலைந்து நாள் படுத்துவிட்டு எல்லோரும் எழுந்து வேலைக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் எழவில்லை.

அவருக்குத் தோல்கிடங்கில் வேலை. லாரியில் வந்து இறங்கும் பச்சைத் தோல் அழுகாமலிருக்க, விரித்துப் போட்டு உப்பை அள்ளித் தூவ வேண்டும். கை வெடித்து, நகக்கண் வெளுத்துப்போய்த்தான் வீடு திரும்புவார். அதனால் எங்கள் வரிசை வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பக்கத்து வீட்டு மாமி வந்து அதைச் சொன்னாள்.

"கெடங்கு ஆளுக்கு எலும்பு வரைக்கும் உப்பு ஏறிக் கெடக்கும்ளா. காய்ச்சல் வுடுற வரைக்கும் நாக்குல உப்பு காட்டாத. தண்ணிய ஊத்திக்கிட்டே இரு. எல்லாம் ஒண்ணுக்குல போயிரும்."

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்கெடுத்தாலும் பயம். பயந்தவளுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தால் விடுவாளா? தூங்குகிறவரை எழுப்பி எழுப்பித் தண்ணீர் கொடுத்தேன். வேளாவேளைக்கு உப்பில்லாக் கஞ்சி.

"ஏட்டி, இது கஞ்சியா, சட்டி கழுவுன தண்ணியா? ஒரு கல்லு உப்பு போடு."

"சும்மா குடிங்க மச்சான். ஒங்க ஒடம்புல இருக்க உப்ப வழிச்சா நாலு கருவாடு போடலாம்."

இருமலுக்கு நடுவே சிரித்தார். குடித்தார்.

ஆறாம் நாள் உடம்புச் சூடு தணிந்தது. மூச்சிரைப்பு மட்டும் நிற்கவில்லை. தலை வலிக்கிறது என்றார், வாந்தி எடுத்தார். வெளியே போனதை ஈடுகட்ட இன்னும் தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் காலை பாயில் உட்கார்ந்துகொண்டு, வெறுங்கையைப் போர்வை மேல் வீசி வீசித் தூவினார். "லாரி வந்துட்டுல்லா, தோல எறக்குங்கலே" என்றார். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டார். சற்று நேரத்தில் வலிப்பு வந்தது. டாக்ஸியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் மராட்டிக்காரர். ரத்தம் சோதித்துவிட்டு அவர் சொன்னதை, நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருத்தி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ரத்தத்துல உப்பு ரொம்பக் கொறஞ்சு போச்சும்மா. நெஞ்சுல சளி கட்டுனா சில பேருக்கு ஒடம்பு தண்ணிய வெளிய விடாது. அது உள்ள தேங்கி உப்பு நீர்த்துப் போவும், மூளை வீங்கிரும். வீட்டுல என்ன குடுத்தீங்கன்னு டாக்டர் கேக்காரு."

"எப்பவும் போலத்தான், சிஸ்டர்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். மறுபடி வலிப்பு. மறுநாள் மத்தியானம் மூச்சு நின்றது.

அந்த நர்ஸ்தான் கண்ணை மூடிவிட்டாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன். "உப்பே போடல, சிஸ்டர். கேட்டாரு. நான்தான் போடல. தண்ணியா குடுத்தேன்."

"இந்த நோயே இப்படிச் செய்யும்மா."

"நான் குடுத்ததும் சேந்திருக்குமா?"

என் தோளில் கை வைத்தாள். "சேந்திருக்கும்" என்றாள்.

முந்தின நாளே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் டாக்டர் வேறு ஏதாவது செய்திருப்பாரா என்று அவளிடம் கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட, போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை நான் அங்கே நிற்கவில்லை.