பினாயில் ஊற்றிக் கழுவிய தரை

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, ஜெக்கரியாவின் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்துச் சிற்றாலயங்கள் இரண்டு. முன்னது பெரிய தெருவுக்கு, பின்னது கீழத்தெருவுக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். செத்த பிறகும் தெரு பார்க்கிற ஊர், தூ!

ஜெக்கரியா கீழத்தெருக்காரர், டிராக்டர் வைத்து ஊருக்கெல்லாம் உழுகிறவர். அவர் மனைவி செந்தாமரை ஓர் ஐப்பசியில் இறந்தபோது இரண்டு ஆலயங்களும் கூரை இடிந்து கிடந்தன. கடைசி ஜெபத்துக்கு வெட்டவெளியில்தான் பெட்டியை இறக்கினார்கள். பிடித்திருந்த தார்ப்பாயைக் காற்று பிடுங்கிக்கொண்டு போக, மழை அவள் முகத்திலேயே அடித்தது. துண்டால் துடைக்கத் துடைக்க நனைந்தது. இனி இந்த ஊரில் ஒரு பிணமும் இப்படி நனையக் கூடாது என்று அன்றே மனசில் முடிவு கட்டிவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு ஆலயத்தையும் எடுத்துக் கட்ட, மனுஷன் வசூலுக்கென்றே பிறந்தவர் மாதிரி அலைந்தார். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளை வாட்ஸ்அப்பில் பிடித்தார். கோயிலில் அறுவடைத் திருநாள் ஏலத்துக்குத் தன் சேவலைக் கொடுத்து, விலை ஏறவில்லையென்று தானே கூடுதலாகக் கேட்டு எடுத்து, மறுபடி ஏலத்துக்கே விட்டார். கல்யாண வீட்டில் அவரைக் கண்டால் ஜனங்கள் பந்தியிலிருந்தே நழுவினார்கள். பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்கலாம், வெள்ளம் வந்தால் தங்கலாம், எல்லாருக்கும் பொது என்று ஒரே பேச்சு.

பணம் சேர்ந்தது. ஆலயம் கட்டப் போட்ட குழுவுக்குச் செயலாளர் ரைஸ்மில் இராஜாங்கம், பெரிய தெரு. வேலையை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஆகா, எவ்வளவு அழகாகப் பார்த்தார்! முன் ஆலயத்துக்குக் கிரானைட் தரை, தேக்குக் கதவு, வாசலில் அவர் அப்பா பேரில் பளிங்குக் கல். பின் ஆலயத்துக்குச் சுண்ணாம்பும் தகரக் கூரையும். அதற்குள்ளும் தன் வாடகைச் சேர்களையும் பிரியாணி அண்டாக்களையும் அடுக்கிவிட்டார். ஜெக்கரியா கேட்டதற்கு, சாவு விழுந்தால் எடுத்துவிடலாம் என்றார். வெட்கத்தையும் அரைத்துத் தவிட்டோடு விற்றுவிட்டார் போல.

கார்த்திகை அடைமழையில் கீழத்தெரு சவரியம்மாள் இறந்தார். ஜெக்கரியாவின் டிராக்டரில்தான் பெட்டி போனது. பின் ஆலயத்தில் கால் வைக்க இடமில்லை, முன் ஆலயம் பூட்டியிருந்தது. போன் போட்டால், சாவியைத் தேட வேண்டும் என்றார் இராஜாங்கம். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இப்பத்தான் கிரானைட் போட்டிருக்குப்பா. இன்னிக்கு ஒருநாள் வெளியவே முடிச்சிருங்களேன்."

ஜெக்கரியா போனை வைத்துவிட்டார். டிராக்டரிலிருந்து இரும்பு ராடை எடுத்து வந்து பூட்டை உடைத்தார். சவரியம்மாள் நனையாமல் ஜெபம் முடிந்தது.

உடைத்ததற்கு நாம்தான் பொறுப்பு என்று, மறுநாள் காலையில் புதுப் பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அங்கே, பெட்டி இருந்த இடத்தை மில் ஆட்கள் பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இராஜாங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு வாளி ஊற்றச் சொன்னார். சீ, இதற்கா தெருத்தெருவாகக் கையேந்தினோம் என்றிருந்தது ஜெக்கரியாவுக்கு. பூட்டைப் பார்த்ததும் இராஜாங்கம் கையை நீட்டினார்.

ஜெக்கரியா கொடுக்கவில்லை. கழுவியவர்கள் வெளியே வரும்வரை நின்றார். கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே இது எங்கிட்டதான் இருக்கும். எந்தத் தெருவுல யாரு செத்தாலும் வந்து கேளுங்க, திறந்து விடுறேன். உங்க வீட்டுக்கும் திறப்பேங்க. ஆனா அப்புறமா தரையைக் கழுவ மாட்டேன்."