டாய் வோக்

அமெரிக்காவில், பிளானோ என்ற ஊரில் தமிழர் ஒருவர் நடத்தும் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறேன். கோபி மஞ்சூரியனும் ஃப்ரைட் ரைஸும்தான் அங்கே ஓட்டம். அடுப்பில் நிற்பவர் ஹாங்காங்காரர், வயதானவர். எனக்கும் அரைகுறை இங்கிலீஷ், அவருக்கும் அப்படியே. அதனால் நன்றாகவே பேசிக்கொள்வோம்.

சிக்கல் என்றால் அவர் "டாய் வோக்" என்பார். பெரிய சட்டி என்று அர்த்தமாம். வசமாக மாட்டிக்கொண்டால் அவர்கள் பாஷையில் அப்படித்தான் சொல்வார்களாம். முதலாளி ஃப்ரைட் ரைஸில் கெச்சப் கொட்டினால் வேறொன்று சொல்வார். "மோ ஙான் தாய்." பார்க்கக் கண் இல்லை. சொல்லிவிட்டு நிஜமாகவே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கல்லாவில் முதலாளியின் மச்சினன். அவனுக்கு டாய் வோக் விளையாட்டாகிவிட்டது. ஸ்பூன் விழுந்தால் டாய் வோக். பார்சலில் சாஸ் மறந்தால் டாய் வோக். கண்ணை இடுக்கிக்கொண்டு, மூக்கால் சொல்வான். கஸ்டமர் முன்னாலும்.

"விடு தம்பி. அவர் வயசு என்ன, உன் வயசு என்ன?"

"சும்மா ஜாலிக்குண்ணே. அவரே சிரிக்கிறாரு பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மதியம் குப்பை போடப் பின்பக்கம் போயிருந்தேன். உள்ளே அவர் கத்துவது கேட்டது. "டாய் வோக்! டாய் வோக்!" உடனே கல்லாவிலிருந்து அதே சொல், மூக்கால். கூடவே சிரிப்பு.

ஓடினேன். எண்ணெய்ச் சட்டி எரிந்துகொண்டிருந்தது. அவர் சட்டைக் கையிலும் தீ. ஈரத்துணியைப் போட்டு அமுக்கினேன். கேஸை நிறுத்திச் சட்டியை மூடினேன். அதற்குப் பிறகுதான் மச்சினன் எட்டிப் பார்த்தான்.

"நிஜம்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"நீதான் தெரிய விடலையே."

அடித்திருப்பேன். என் இரண்டு கையும் அவரைத் தாங்கியிருந்தன.

வெந்த கை தோல் உரிந்து ஆறியதும் அவர் வேலைக்குத் திரும்பினார். வேறு இடம் கிடைக்கவில்லை. இப்போது வாயே திறப்பதில்லை. கெச்சப் கொட்டினாலும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நேற்று எண்ணெய் புகைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கையாலேயே சட்டியை இழுத்தார்.

"கூப்பிடுங்க. டாய் வோக் சொல்லுங்க, நான் வர்றேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினார்.

அதனால் இப்போது அடுப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் கழுவுகிறேன். கழுத்து வலிக்கிறது. மச்சினன் இன்னும் கல்லாவில்தான் இருக்கிறான்.