திரையில் நொண்டாத பிலோமினா

பிலோமினாவுக்கு நான்கு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம், இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து தாய் அல்போன்சம்மாள் அழாத செவ்வாய்க்கிழமை கிடையாது. அந்தோனியார் சுரூபத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றி, "எம்புள்ளைய ஒரே ஒரு நாள் நேரா நடக்க வையிங்க சாமி" என்று கெஞ்சுவாள். பக்கத்தில் நிற்கும் பிலோமினாவுக்குக் கன்னம் எரியும்.

மகள் கணினி படித்தபோது தாய் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை அல்லவா! ஆனால் 1986இல் அவளுக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? மனிதர்கள் நடப்பதைக் கணினிக்குள் கொண்டுவரும் வேலை! விதியின் குறும்பை என்னவென்று சொல்வது!

கால் குறையுள்ள பிள்ளைகளின் நடையை மருத்துவர்கள் பார்த்து ஆராய வேண்டும். அதற்காகத்தான் அந்த ஆய்வுக்கூடம். கறுப்பு உடை போட்டவரின் இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் வெள்ளை வில்லைகளை ஒட்டி, நடக்கவிட்டுப் படம் பிடிப்பார்கள். பிறகு ஒவ்வொரு படமாக நிறுத்தி, வில்லைகள் இருக்கும் இடங்களை எண்களாக்குவார்கள். அந்த எண்களை மூட்டுகள் மடங்கும் கோணங்களாக மாற்றித் திரையில் ஒரு குச்சி உருவத்தை நடக்க வைக்கும் நிரலைப் பிலோமினாதான் எழுதினாள். முதலில் நடந்து காட்டியவர் தலைமை ஆய்வாளர் அப்துல் முத்தலிப். குச்சி மனிதன் அவரைப் போலவே அவசர அவசரமாக நடந்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

டாக்டர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆய்வுக்கூடத்தின் வேலையைக் காட்டும் கண்காட்சி நெருங்கியது. குறையுள்ள நடை ஒன்றைக் காட்ட வேண்டும். யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. அவளே கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

நிரல் ஓடியது. திரையில் வந்த குச்சிப் பெண் நொண்டவில்லை! அன்னம் போல நடந்தாள்!

மகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அல்போன்சம்மாள் கதவோரத்திலேயே முழங்கால் போட்டுவிட்டாள். "மாதாவே! எம்புள்ள நடக்குது! பாருங்கய்யா, எம்புள்ள நடக்குது!"

பிலோமினா திரையையே பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளும் அந்தப் பெண்ணாகிவிட ஆசைப்பட்டாள். மறுகணம் தப்பு புரிந்துவிட்டது. கோணங்களை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு காலுக்கும் ஒரே நீளத்தைக் கொடுத்திருந்தாள். இடுப்பை ஒரே உயரத்தில் ஆணியடித்தது போல நிறுத்தியிருந்தாள். முத்தலிப்பை வைத்துச் சோதித்த நிரல் அது. அவருக்குப் பொருந்தியது. ஆனால் அவளுடைய நொண்டல் முழுவதும் அந்த இடுப்பின் இறக்கத்தில் அல்லவா இருந்தது! இப்படி ஒரு கால் உலகத்தில் உண்டு என்பதை, அந்தக் காலோடு இத்தனை வருடம் நடந்தவளே மறந்துபோனாள்.

"அழகா இருக்குலா பிலோ, அப்படியே விட்டுடு" என்றார் முத்தலிப். "பெரிய ஆளுங்க வர்றாங்க. நொண்டுறதைக் காட்டினா சிரிப்பாங்க."

ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டில் அம்மாவும் அதையே சொன்னாள். "ஒரு நாளாவது ஊரு உன்னை அப்படிப் பாக்கட்டுமே. கோயில் ஆளுங்களை எல்லாம் வரச் சொல்லிட்டேன்டி."

"அது நான் இல்லம்மா. அவளை நீங்க பெக்கல. நான் செஞ்ச தப்பு பெத்தது."

"பெத்த வயிறு எரியுது, வாயாடாதே!"

மறுநாள் பிலோமினா ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். இரண்டு கால்களையும் தனித்தனியாக அளந்து நிரலில் சேர்த்தாள். இடுப்பு ஏறி இறங்கட்டும் என்று அவிழ்த்துவிட்டாள்.

கண்காட்சியன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சேராங்கூன் சாலையில் வாங்கிய புதுச் சேலையில் அல்போன்சம்மாள். முத்தலிப் பழைய நிரல் இருந்த மெல்லிய டிஸ்க்கைக் கணினியில் போட்டு வைத்திருந்தார். பிலோமினா அத்தனை பேர் முன்னிலையிலும் அதை உருவினாள், தன்னுடையதைச் செருகினாள்.

"பிலோ, என்ன பண்றே?"

"சரியானதைப் போடுறேன் சார்."

குச்சிப் பெண் வந்தாள். விந்தினாள். இடுப்பு சரிந்து எழுந்தது, தோள் சாய்ந்தது.

"என்னடா, தண்ணி போட்டுட்டு நடக்குதா?" என்று ஓர் இளைஞன் கத்தினான். சிரிப்பு பரவியது.

பிலோமினா எழுந்து திரைக்கு முன்னால் விந்தி விந்தி நடந்து வந்தாள். "சிரிங்க தம்பி, நல்லா சிரிங்க. அது நான்தான். இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாத்துச் சிரிங்க."

சிரிப்பு நின்றது. ஒரு டாக்டர் எழுந்து, "இடுப்பு இறங்கறதை மறுபடி காட்டுறீங்களா?" என்று கேட்டார். முத்தலிப் மெல்ல அருகில் வந்தார். "அடுத்த காட்சிக்காவது பழைய டிஸ்க்கைக் கொடு."

அவள் அதை இரண்டாக மடித்து அவர் கையில் வைத்தாள்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அம்மா திரும்பிப் பாராமல் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பிலோமினாவின் கண்கள் குளமாயின. துடைத்துக்கொள்ளக்கூட நிற்காமல் அவள் டாக்டருக்காக மறுபடியும் விசையை அழுத்தினாள்.