நீர்மாலைக்கு வால்வு திறந்தவன்

1. ஆறு ஊருக்குள் வந்த மார்கழி

முக்கூடல் பக்கம் ஆற்றை ஒட்டிய ஒரு சின்னப் பேரூராட்சியில் தெருத் தெருவாகக் குடிநீர் திறந்துவிடுவது என் வேலை. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். நல்ல செய்தி எதுவும் இதில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறு ஒன்றுதான் ஊருக்கே தண்ணீர் கொடுத்தது. அதில் மோட்டார் போடுகிறவன் இசக்கி. அவன் ஏற்றி அனுப்பினால் மேல்நிலைத் தொட்டி நிறையும். அதன்பிறகு நான் நீளக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வால்வு வால்வாகத் திருகிப் போவேன். நான் நிரந்தர ஊழியர், அவன் தினக்கூலி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்களுக்குள் இருந்த வித்தியாசம் இது ஒன்றுதான். சம்பள நாளில் மட்டும் அது ஞாபகத்துக்கு வரும்.

வெள்ளத்தன்று காலையில் போன் செய்தான். "என்னவே, பம்பு ரூமுக்குள்ள தண்ணி வந்துட்டு. மோட்டார நிப்பாட்டிட்டேன். நீரு எந்தத் தெருவுக்கும் தெறக்க வேண்டாம், கலங்கலா வரும்."

"மொதல்ல மேல ஏறும்வே! தெருவ நான் பாத்துக்கிடுதேன்."

"ஏறித்தான் நிக்கேன். மொட்ட மாடியில நின்னுட்டுத்தான் பேசுதேன்."

உயிருக்குத் தப்பி மாடியில் நிற்கும்போதும் தெருவுக்குக் கலங்கல் போய்விடக் கூடாது என்று யோசிக்கிற ஆள் அவன். ஆறு வடிந்த பிறகு பார்த்தால் கிணற்றுக்குள் முக்கால்வாசி சேறு. ஊர் முழுக்க வெள்ளம் வந்தும் குடிக்க ஒரு சொட்டு இல்லை. லாரியில் தண்ணீர் வந்தது, அதன் பின்னாலேயே கேன் தண்ணீர் வேனும் வந்தது. லாரி பத்து நாளில் நின்றுவிட்டது. வேன் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது.

2. எந்த உத்தரவிலும் இல்லாத வேலை

வால்வு திறக்க முறை உண்டு. கீழத்தெருவுக்கு இன்று என்றால் மேலத்தெருவுக்கு நாளை. முறை தப்பி ஒரு சுற்றுத் திருகினாலும் ஊர்க்காரர்கள் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் முறை கிடையாது. அது நீர்மாலை.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்துபோனால் மகன்மார் போய்க் குளித்து, ஈர வேட்டியோடு குடத்தில் தண்ணீர் எடுத்து வருவார்கள். தலைக்கு மேல் வெள்ளைத் துணியை நாலு பேர் விரித்துப் பிடிப்பார்கள். முன்னால் ஒருவர் சங்கு ஊதிப் போவார். அந்தத் தண்ணீரில்தான் இறந்தவரைக் குளிப்பாட்ட வேண்டும். முன்பெல்லாம் ஆற்றுக்குத்தான் போவார்கள். ஊர்ச் சாக்கடையைப் படித்துறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டபிறகு, தெருக்குழாயில் எடுக்கத் தொடங்கினார்கள். எதுவானாலும் ஆற்றுத் தண்ணீர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

அதனால் எந்தத் தெருவில் துக்கம் என்றாலும் போன் எனக்குத்தான் வரும். "அண்ணாச்சி, நீர்மாலை எடுக்கணும், கொஞ்சம் தெறந்து விடுதீங்களா?" நான் இசக்கிக்குச் சொல்வேன். அவன் மோட்டாரைப் போடுவான். செத்தது யார் என்று கேட்கக்கூட மாட்டான். கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, சர்ச் தெரு என்று எங்கே துக்கம் நடந்தாலும் அன்றைக்குத் தண்ணீர் போய்விடும். அப்படித் திறக்கச் சொல்லி எந்த அதிகாரியும் உத்தரவு போட்டதில்லை. திறக்காதே என்று சொல்லும் துணிச்சலும் யாருக்கும் வந்ததில்லை.

3. கண்ணாடித் தண்ணீர்

பங்குனிக்குள் கிணற்றைத் தூர் வாரி முடித்துவிட்டான் இசக்கி. பாதி வேலைக்குத்தான் ஆட்கள் கொடுத்தார்கள். மீதிச் சேற்றை அவனே இறங்கி வாளி வாளியாக ஏற்றினான். தண்ணீர் தெளிந்ததும் ஓவர்சியரைக் கூட்டிவந்து காட்டினோம். ஓவர்சியர் மோசமான மனிதர் அல்ல. ஆனால் கிணற்றுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல நம்ம ஊரச் சேத்தாச்சு அண்ணாச்சி. பெரிய லைன் வருது. இந்தக் கெணறு இனிமே தேவப்படாது."

இசக்கி கேட்டான்: "அப்ப நானு?"

"பாப்போம்" என்றார் ஓவர்சியர். எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆடியில் பெரிய லைன் வந்தது. எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதையெல்லாம் எங்கோ இருக்கிற ஒப்பந்த நிறுவனம் முடிவு செய்தது. தொட்டி வால்வுக்கு அவர்கள் பூட்டுப் போட்டார்கள். தெருவில் வால்வைத் திருகினால் சில நாள் வரும், பல நாள் காற்றுதான் வரும். யாரும் என்னோடு சண்டைக்குக்கூட வரவில்லை. ஊர் கேனுக்குப் பழகியிருந்தது. சண்டை போடுகிறவர்களை அப்போதுதான் நான் தேட ஆரம்பித்தேன்.

லைன் வந்ததும் இசக்கியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அப்படியும் அவன் தினமும் கிணற்றுக்குப் போனான். மோட்டார் இறுகிவிடக் கூடாது என்று கொஞ்ச நேரம் ஓட்டி, தண்ணீரை ஆற்றுக்கே திருப்பி விடுவான். ஒருநாள் மின்வாரிய ஆள் வந்து பியூஸ் கேரியரைக் கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் கிணற்று மூடியை வெல்டிங் வைத்து அடைத்தார்கள். கேட்டால் பாதுகாப்பாம்.

அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "தண்ணி கெடக்குவே உள்ள. கண்ணாடி மாதிரி கெடக்கு. அதப் போயி அடைக்கானுவளே" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசுவதே குறைந்துவிட்டது. டீக்கடைக்குக் கூப்பிட்டால் வருவான். டீ ஆறிப்போகும் வரை கையிலேயே வைத்திருந்துவிட்டு எழுந்துவிடுவான்.

4. ஐப்பசியில் ஒரு காலை

காலையில் எழுந்திருக்கவில்லை என்று அவன் மனைவி பேச்சியம்மாள் ஆள் அனுப்பினாள். போய்ப் பார்த்தேன். உடம்பு குளிர்ந்திருந்தது. அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எழுதவும் வெட்கமில்லை.

பத்து மணிக்கு மகன் முருகன் என்னிடம் வந்தான். "மாமா, நீர்மாலைக்குத் தெறந்து விடுங்க."

கம்பியை எடுத்துப்போய் அவன் தெரு வால்வை முழுக்கத் திருகினேன். குழாய் சீறியது. தண்ணீர் இல்லை. ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"நாளன்னைக்குத்தான் சார் உங்க ஊருக்கு டேர்ன்" என்றான்.

"தம்பி, சாவு வீடுய்யா. ஒரு கொடம் வந்தாப் போதும்."

"ஒரு குடத்துக்காக லைன் தெறக்க முடியாது சார்."

இதைக் கேட்டு எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவன் சொன்னது உண்மை. அந்த லைன் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ஆற்றுக்கே போகலாம் என்றேன். முருகன் தலையை ஆட்டினான். "பாத்துட்டுத்தான் மாமா வாரேன். படித்துறை முழுக்க அமலைச் செடியும் சாக்கடையும் கெடக்கு. அப்பாவ அதுலயா குளிப்பாட்ட?"

அந்த நேரத்தில் தெருமுனையில் கேன் வேன் வந்து நின்றது. யாரும் யாரையும் பார்க்காமல் இரண்டு கேனை இறக்கினோம். முருகன் கேன் மூடியின் சீலை உடைத்து, அதிலேயே தலையை நனைத்துக்கொண்டான். மீதியைக் குடத்தில் ஊற்றினான். வெள்ளைத் துணியைப் பிடித்தோம். சங்கு ஊதியது. வேனிலிருந்து வீட்டு வாசலுக்கு இருபது தப்படிகூட இருக்காது.

குளிப்பாட்டும்போது பேச்சியம்மாள் தண்ணீரைக் கையில் ஏந்தினாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணாச்சி, இது எந்த ஊருத் தண்ணி?"

எனக்குத் தெரியவில்லை. "தெரியலியேம்மா" என்றேன்.

இந்த வேலையில் நான் கற்றது இவ்வளவுதான். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், கையை நீட்டிக் காட்ட ஊரில் ஒரு ஆளாவது இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படி இருந்தவனைத்தான் அன்றைக்குக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம்.