ருக்மணி தேர்ந்தெடுத்த சின்ன டைப்ரைட்டர்

காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவள் ருக்மணி. கணவன் போன பிறகு, ஆசிரியர் பயிற்சியில் இருந்த தங்கை விஜயாவுக்கும் அவளுக்கும் சோறு போட்டது அந்த வேலைதான்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் வந்தது, குடியுரிமை மனுவுக்கு ஊரே படியேறியது. தெங்கேராவிலிருந்தும் புக்கிட் ரம்பாயிலிருந்தும் ஆட்கள் காலையிலேயே வந்து காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா அவளுடைய இடது தோள் இறுகிப்போக வேண்டும்?

டைப்ரைட்டரில் வரி முடிந்தால் மணி அடிக்கும். உடனே இடது கையை நீட்டி, நெம்புகோலைத் தள்ளி, அடுத்த வரிக்குப் போக வேண்டும். ஆபீசில் இருந்ததோ அகலமான பழைய மிஷின். கை நெடுந்தூரம் போக வேண்டும். தோள் போக மறுத்தது. அவள் உடம்போடு சாய்ந்து தள்ளினாள். ஆள் இல்லாதபோது வலது கையைக் குறுக்கே போட்டுத் தள்ளினாள். வேலை நத்தையாக ஊர்ந்தது.

"மிஷின் கிழடாப் போச்சும்மா" என்றார் வக்கீல் மாணிக்கவாசகம்.

ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள். இங்கே முதலாளியே கூடத்தைக் குறை சொன்னார். தோள்தான் காரணம் என்று ருக்மணி சொன்னால் சோறு போகும்.

"புதுசு ஒன்னு நீயே பார்த்துச் சொல்லு. அடிக்கிறது நீதானே" என்று அவரே சொல்லிவிட்டார். புதிதாக இன்னொரு பெரிய மிஷின் வந்தால், மெதுவாக இருப்பது மிஷின் அல்ல, அவள்தான் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

வக்கீலோடு போன டைப்ரைட்டர் கடையில் பெரியவற்றுக்கு நடுவே ஒரு சின்னது இருந்தது. விசைகள் நெருக்கமாக, அடக்கமாக, ஒரு கையில் தூக்கிவிடலாம் போல. உட்கார்ந்து ஒரு வரி அடித்தாள். மணி அடித்தது. கை கொஞ்சம் நகர்ந்தது, நெம்புகோல் விரலில் பட்டது. தோளுக்கு வேலையே இல்லை. அழுகை வந்துவிட்டது அவளுக்கு. ஆனால் சொத்து விவரம் அடிக்கும் அகலத் தாள் அதில் நுழையாது. அது தெரிந்தும் அதையே காட்டினாள்.

"மனு அடிக்க இது போதும் சார். மேசையில இடமும் மிச்சம்" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

சரஸ்வதி பூஜைக்குப் பழையது, புதியது இரண்டு மிஷினுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். மறுநாள் விஜயதசமி. அன்று யார் கை தொடங்குகிறதோ அந்தக் கைக்குத்தான் அந்த வருஷத்து வேலை என்பது அந்த ஆபீசின் நம்பிக்கை. கற்பூரம் காட்டி முடித்ததும் மாணிக்கவாசகம் புதுக் குமாஸ்தா நடராஜனைக் கூப்பிட்டார்.

"சின்னது உனக்குத்தான் நடராஜா. தூக்கிட்டுப் போக லேசா இருக்கு. நாளைலேருந்து புக்கிட் பாருவுக்குப் போயி, ஆளுங்க வீட்டுலேயே வச்சு மனு அடிச்சுக் கொடு. ருக்மணிக்குப் பழகினது பெருசு."

லேசாக இருப்பது அவள் கைக்கு மட்டும்தானா? அது வாசலைத் தாண்டிப் போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"சார், பெருசுல என்னால முடியாது" என்றாள். "தோள் தூக்க முடியல. ரொம்ப நாளாவே."

கற்பூரத் தட்டு அவர் கையிலேயே நின்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் தணிந்த குரலில், "ஏம்மா சொல்லல? கொஞ்ச நாளு வீட்டுல இரு. கை நல்லாகட்டும். நடராஜன் பார்த்துக்குவான்" என்றார்.

வீட்டில் இரு என்று அந்த ஆபீசில் சொல்லப்பட்டவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. நடராஜன் சின்ன மிஷின் முன்னால் இருந்த நாற்காலியை இழுக்கக் கை வைத்தான்.

"இருங்க தம்பி" என்று சொல்லி ருக்மணி அதில் உட்கார்ந்தாள். காத்திருந்த கிழவர் ஒருவரைப் பார்த்து, "ஐயா, பேர் சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். அவள் அடித்தாள். மணி அடிக்க அடிக்க வரிகள் இறங்கின. மனு முடிந்ததும் மாணிக்கவாசகம் அதை வாங்கிப் படித்தார். பிழை இல்லை. ஆனாலும் தான் சொன்னதை மாற்றாமலே மனுவை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அதற்கடுத்த ஆளையும். பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவள் போகவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அந்த நாற்காலியில் நடராஜன் உட்கார்ந்துவிடுவான் என்று பயந்தாள்.