காட்டிக்கொடுத்த குளிசை

லண்டன் செவன் கிங்ஸ் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் நித்தியானந்தன் கைபடாத மின்விளக்கு குறைவு. ஜேர்மனியில் பல வருடம் இருந்து வயரிங் பழகியவர். ஒரே மகள் கீர்த்திகா ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்கு வந்தார். இங்கேயும் அதே தொழில்தான். வேலையில் சுத்தம், வாய்தான் ஓயாது. சுவரைத் துளைத்துக்கொண்டே, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடலாம், இடுப்பு நாரிப்பிடிப்புக்கு எதைப் பூசலாம் என்றெல்லாம் கடைக்காரருக்குச் சொல்வார். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

அறுபத்து நான்கு வயதில் ஒருநாள் ஏணியில் நிற்கும்போது நெஞ்சு படபடத்துத் தலை சுற்றியது. இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். அப்படித் துடிக்கும் இதயத்துக்குள் இரத்தம் தேங்கிக் கட்டிபடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கக் காலையும் மாலையும் போட ஒரு குளிசை கொடுத்தார்கள். தாதி சொன்னதைக் கீர்த்திகா பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னாள்.

"அப்பா, இது ரத்தத்தை இளக்கிற குளிசை. கக்கூசுக்குப் போகேக்குள்ள ரத்தமோ கறுப்போ கண்டால் உடனே சொல்லவேணுமாம். நீங்களா நிப்பாட்டக் கூடாதாம்."

"எனக்கென்ன விசரே நிப்பாட்ட?" என்றார் நித்தியானந்தன்.

அடுத்த மாரிகாலத்தில் இரத்தம் கண்டது. முதலில் பார்த்தவள் மனைவி ஜெகதீஸ்வரி. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்துவிட்டு வந்து, குளியலறையைக் கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இது எவ்வளவு நாளா?"

"மூலமப்பா. எங்கட ஐயாவுக்கும் இருந்தது."

"மூலமோ என்னவோ, டொக்டர் பாக்கட்டும். மலத்தைச் சோதிக்க அவை வீட்டுக்கு அனுப்பின அந்தக் குழாயையும் குப்பையில போட்டியள்."

"அதைத் தபாலில அனுப்பச் சொல்லுறாங்கள். தபாற்காரன் என்ன பாவம் செய்தவன்?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய தொல்லை தாங்காமல் ஒரு காலை டொக்டரின் கிளினிக்குக்குப் போன் எடுத்தார். நீண்ட நேரம் சங்கீதம் கேட்டபின் ஒரு பெண் குரல் வந்தது. என்ன வருத்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, பெயரைக் கேட்டதும், "நித்தி அங்கிளே? நான் பிரியந்தி" என்றது. அவளுடைய கலியாண மண்டபத்துக்கு மின்விளக்குப் போட்டவர் அவர்தான். அந்தப் பிள்ளையிடம் மலத்தில் இரத்தம் போகிறது என்று எப்படிச் சொல்வது? "ஒண்டுமில்லைப் பிள்ளை, கொஞ்சம் களைப்பு. பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். பிறகு எடுக்கவில்லை.

அந்தக் கிழமையே குட்மேய்ஸில் இருந்த கிருஷ்ணராசாவின் வீட்டுக்குப் பிளக் மாற்றப் போனார். கடை நடத்தி ஓய்ந்தவர் கிருஷ்ணராசா. போனில் வைத்தியக் காணொளிகள் பார்த்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர். அவருக்கும் இதே இதய வருத்தம், இதே குளிசை. ஆம்பிளைக்கு ஆம்பிளை என்பதால் நித்தியானந்தன் அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"உமக்கு இன்னும் விளங்கேல்லையே? ரத்தத்தைத் தண்ணியாக்கினால் அது எங்காலயாவது வெளிய வரத்தானே செய்யும்," என்றார் கிருஷ்ணராசா. "நான் எப்பவோ நிப்பாட்டிட்டன். உள்ளியும் இஞ்சியும் போதும். என்னைப் பாரும், எப்பிடி இருக்கிறன்!"

நித்தியானந்தன் அன்றே குளிசையை நிறுத்தினார். ஒரு கிழமைக்குள் இரத்தமும் நின்றது. அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. போகிற கடையெல்லாம் இதே பேச்சு. ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனால் அங்கேயும் தெரிந்தவர்களை மறித்துச் சொன்னார். பேசாமல் தலையாட்டிக்கொண்டு போனவர்கள்தான் அதிகம்.

"டொக்டரைக் கேட்டனீங்களோ?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"ரத்தம் நிண்டுட்டுது. இதைவிட என்ன சாட்சி வேணும்? கீர்த்திகாவுக்குச் சொன்னியெண்டால் நான் உன்னோட கதைக்கமாட்டன்."

நாற்பது வருடக் குடும்பத்தில் கதைக்காமல் இருந்து அவளைப் பணியவைப்பது அவர் பலமுறை செய்து காட்டிய வித்தை. அவள் சொல்லவில்லை. பார்மசியில் இருந்து வந்த குளிசைப் பெட்டிகள் அலுமாரியில் பிரிக்காமல் அடுக்கியிருந்தன.

சித்திரையில் ஒரு விடியல், கட்டிலை விட்டு எழுந்தவர் கால் மடங்கி விழுந்தார். வலக்கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அம்புலன்ஸ் விரைவாகத்தான் வந்தது. ஆனால் பக்கவாதம் நித்திரையில் எப்போது வந்தது என்று தெரியவில்லை. படம் எடுத்துப் பார்த்தபோது மூளையின் இடப்பக்கம் ஏற்கெனவே செத்திருந்தது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமா என்றால் "ஓம்" என்பார். கொடுத்தால் தட்டிவிட்டு "ஓம்" என்பார். ஆத்திரத்திலும் அழுகையிலும் அதே "ஓம்"தான்.

இரண்டு கிழமையின் பின் இரத்தம் இளக்கும் குளிசையை ஆஸ்பத்திரியில் மறுபடி தொடங்கினார்கள். சில நாளில் படுக்கை விரிப்பில் இரத்தம். வார்ட்டில் டயனா என்ற இளம் டொக்டர் இருந்தாள், சென்னைப் பக்கம். ஜெகதீஸ்வரி அவளைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளை, இது முந்தியும் வந்தது," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். டயனா குறித்துக்கொண்டாள். அடுத்த நாளே குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்க ஏற்பாடானது.

குடலின் இடப்பக்கத்தில் ஒரு கட்டி. புற்றுநோய்.

"அப்ப அந்தக் குளிசையாலதான் இது வந்ததோ?" என்று கேட்டாள் ஜெகதீஸ்வரி. கேட்கும்போதே, ஓம் என்று சொல்லிவிட்டால் நல்லது என்று அவளுக்கு இருந்தது. குளிசையையாவது திட்டலாம்.

"இல்லம்மா. மாத்திரை கட்டிய உண்டாக்கல. உள்ள ஒளிஞ்சிருந்தத ரத்தம் கசிய வச்சுக் காட்டிக் கொடுத்துச்சு. இதய நோயாளிங்க நிறையப் பேருக்கு இப்படித்தான் தெரிய வரும். அப்பவே வந்திருந்தா சின்னதா இருந்திருக்கலாம்." பக்கத்தில் நின்ற கீர்த்திகாவையும் பார்த்து, "மாத்திரைய நிறுத்தாம இருந்திருந்தா இந்த ஸ்ட்ரோக்கும் வராம போயிருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாதுதான்," என்றாள்.

கீர்த்திகா தாயைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் எனக்குச் சொல்லேல்லையா?"

மகள் அன்று முழுக்கத் தாயோடு பேசவில்லை. தகப்பனின் பழக்கம் மகளுக்கும் இருந்தது.

சத்திரசிகிச்சைக்கு அவருடைய சம்மதம் தேவை. சத்திரசிகிச்சை நிபுணர் படம் வரைந்து காட்ட, டயனா தமிழில் விளக்கினாள். "ஆபரேஷன் பண்ணலாமா ஐயா?" "ஓம்." "வேண்டாமா?" "ஓம்." நித்தியானந்தனின் கண்கள் மனைவியின் முகத்தில் இருந்தன. கடைசியில் நிபுணர் குடும்பத்தைக் கேட்டார்: பேச முடிந்திருந்தால் அவர் எதை விரும்பியிருப்பார்?

"அவர் விரும்பினதைத்தானே இவ்வளவு நாளும் செய்தனாங்கள்," என்றாள் ஜெகதீஸ்வரி. "செய்யச் சொல்லுங்கோ."

கட்டியை வெட்டி, வயிற்றில் துளை போட்டு மலத்துக்குப் பை வைத்தார்கள். ஈரலிலும் அது பரவியிருந்தது. மேற்கொண்டு மருந்து கொடுக்க உடம்பில் பலம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெகதீஸ்வரி வேலையை விட்டாள். முதியோர் இல்லத்தில் சம்பளத்துக்குச் செய்ததை வீட்டில் செய்தாள். பை மாற்றும்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "இப்ப வெக்கப்பட்டு என்ன?" என்று அவள் கேட்டுவிடுவாள். கேட்டபின் மனம் குமையும். ஆனாலும் மறுநாளும் கேட்டாள்.

கிருஷ்ணராசா மனைவி மாலினியோடு பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று அங்கேயும் இங்கேயும் பார்த்தார். மாலினிதான் கதைத்தாள்.

"என்ன செய்யிறது அக்கா, எல்லாம் விதி. இவருக்கும் இதே வருத்தம்தானே. காலமையும் பின்னேரமும் குளிசையைக் கையில குடுத்து, விழுங்கினாப் பிறகுதான் நான் அங்கால போறனான். ஒருநாளும் விடவிடேல்லை."

ஜெகதீஸ்வரி கையில் இருந்த தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள். "ஒருநாளும் விடேல்லையோ?"

"ஒருநாளும் இல்லை."

கிருஷ்ணராசா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். கட்டிலில் கிடந்தவர் "ஓம், ஓம், ஓம்" என்று கத்தத் தொடங்கினார். இடக்கை அவரை நோக்கி நீண்டது. மாலினி பயந்து எழுந்தாள்.

"கூட்டிக்கொண்டு போங்கோ மாலினி. உங்கட மனுசனுக்குக் குளிசை நேரமாகும்," என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள் ஜெகதீஸ்வரி.

நித்தியானந்தன் ஆவணியில் இறந்தார். செத்தவீட்டுக்குச் சனம் நிறைய வந்தது. அவர் விளக்குப் போட்ட கடைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒரு மாதம் கழித்து ஜெகதீஸ்வரி மரக்கறி வாங்கக் கடைக்குப் போனாள். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஒருவர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கட நித்தியண்ணையைச் சாகடிச்சது அந்த ரத்தம் இளக்கிற குளிசைதானாம். குடலையே அரிச்சுப்போட்டுதாம். நானும் நேற்றோட நிப்பாட்டிட்டன்."

அவள் கூடையை நிலத்தில் வைத்தாள். "தம்பி, நான் அவரின்ர மனுசி. அவர் குளிசை போட்டுச் சாகேல்லை. நிப்பாட்டினபடியாலதான் அந்த நிலைக்குப் போனவர். நீர் போய் டொக்டரைப் பாரும். ரத்தம் வந்தால் வெக்கப்படாமல் சொல்லும். தயவுசெய்து குளிசையைப் போடும்."

அந்த மனிதர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்கள் கவலையில கதைக்கிறியள் அக்கா," என்றார். தெரிந்தெடுத்த முருங்கைக்காய்களைத் தராசில் வைத்தார்.